அம்மா வந்த முகம்

சவரம் செய்த முகம் எரியாமல் இருக்க வேண்டுமானால், கத்தி வைப்பதற்கு முன்பே அதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துண்டைச் சற்று நேரம் முகத்தில் போட்டுவைத்தால் முடி இளகிக்கொடுக்கும். முடி எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமாகத்தான் கத்தி போக வேண்டும். வழவழப்புக்கு ஆசைப்பட்டு எதிர்ப்பக்கம் இழுத்தால் மறுநாள் தோல் அதற்குப் பதில் சொல்லும். கல்யாண மாப்பிள்ளையாக இருந்தால் முந்தின நாள் சவரம் செய்யவே கூடாது. அதற்கும் முன்னதாகச் செய்துகொண்டு, தோல் ஆறுவதற்கு அவகாசம் கொடுக்க வேண்டும்.

ஒரு பொம்பளைக்கு இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டீர்கள். என் தம்பி சிலம்பரசனின் முகம் அப்படி. அவனுக்குச் சுருட்டை முடி. மழித்த முடி வெளியே வராமல் தோலுக்குள்ளேயே திரும்பி வளரும். ஒவ்வொரு சவரத்துக்குப் பிறகும் தாடை முழுக்கச் சிவந்த பருக்கள். பள்ளிக்கூடத்தில் கேலி செய்தார்கள் என்று ஒரு வாரம் படுக்கையை விட்டு எழாமல் கிடந்தவன். அவனுக்காக நான்தான் வெட்பாலை இலையைக் கிள்ளித் தேங்காயெண்ணெயில் போட்டு வெயிலில் வைத்துக் கொடுப்பேன். அந்த எண்ணெய் கருநீலமாக இருக்கும். சவரம் முடிந்ததும் அதைப் பூசினால் பரு அடங்கிவிடும். அண்ணாமலை நகரில் வேலை கிடைத்து லாட்ஜில் தங்கிய பிறகும் என் சீசாதான் அவன் அலமாரியில் இருந்தது.

எங்கள் அம்மா கண்ணை மூடியபோது அவனுக்கு நடக்கத் தெரியும், எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். அப்பா இருந்தார். இருந்தார் என்பதற்கு மேல் அவரைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தேவநாதனைக் கட்டிக்கொண்டு நான் சேத்தியாத்தோப்புக்கு வந்தபோது சீர்வரிசையோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தேன். புதுப்பெண்ணின் இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று என்று என் மாமியார் ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தாள். இடுப்பில் இருந்தது குடம். கையில் இருந்தது சிலம்பு.

என் வீட்டுக்காரருக்கு ஸ்ரீமுஷ்ணம் பக்கத்தில் முந்திரித்தோப்பு உண்டு. கல்யாணமான புதிதில், முதல் பருவத்தில், சிலம்பு ஒரு பச்சை முந்திரிக்கொட்டையை எடுத்துப் பல்லால் கடித்துவிட்டான். அந்த ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துபோகும். முந்திரிக்காட்டில் வேலை செய்கிறவர்களின் விரல்களைப் பார்த்தால் தெரியும். சாதாரணமாக எல்லோருக்கும் புண்ணாகும், ஆறிவிடும். சிலம்புக்கு அது கொஞ்சமும் ஆகாது. வாயும் கன்னமும் வீங்கி, முத்து முத்தாக நீர் கோத்துக்கொண்டு, பார்க்கவே பயமாக இருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்துவிட்டு, “அய்யோ, அம்மா வந்துருக்குடி” என்றாள். நான் மறுக்கவில்லை. கொட்டையைக் கடித்தான் என்று தெரிந்தால் மாமியார் என்னையும் சேர்த்து ஏசுவாள். அம்மை என்றால் யாரும் ஏசமாட்டார்கள், கும்பிடுவார்கள்.

வாசலில் வேப்பிலை செருகினோம். வீட்டில் தாளிப்பு நின்றது. மாமியார் அவனைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள். அவள் அந்தப் பக்கம் போனதும் நானும் அவனும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ‘முந்திரி அம்மா’ என்று அதற்கு நாங்கள் பெயர் வைத்தோம். வேறு யாருக்கும் அது தெரியாது. எங்கள் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தமான ஒரே வேடிக்கை அதுதான்.

பிறகு என் மகள் இளமதி பிறந்தாள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் அவளுக்குக் காது குத்தினோம். அன்றைக்கே முடிவான விஷயம் இது. நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்க வேண்டிய விஷயமும் இல்லை. அக்கா மகள் தாய்மாமனுக்கு என்பது எங்கள் பக்கத்தில் எழுதிவைக்காத பத்திரம். நான் வளர்த்த பையன், நான் பெற்ற பெண். இரண்டு பேரும் கடைசிவரை என் கண்ணெதிரே இருப்பார்கள். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைகிறவள் நான் இல்லை.

போன தை மாதம் அவன் வந்து கூடத்தில் உட்கார்ந்து, கூட வேலை செய்கிற ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னான். கடலூர்ப் பெண், பெயர் இசைவாணி. நான் இளமதியின் பெயரை எடுத்தேன். அவன் சிரித்துவிட்டான்.

“என்னக்கா நீ. அத நான் தூக்கி வளத்தவன். அது எனக்கு மக மாதிரி.”

சிரித்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு என்னோடு சிரித்தவன், அன்று என்னைப் பார்த்துச் சிரித்தான். நான் எழுந்து போய் அவனுக்கு மோர் கொண்டுவந்தேன். சண்டை போடவில்லை. சண்டை போட்டால் ஆண்பிள்ளைகள் பிடிவாதமாகிவிடுவார்கள்.

கடலூருக்குத் தட்டு எடுத்துக்கொண்டு போனதும் நான்தான். இசைவாணியைப் பற்றி நீங்கள் நல்லவிதமாகக் கேள்விப்பட்டிருப்பீர்கள். எனக்கு அவளைப் பார்த்த மாத்திரத்தில் பிடிக்கவில்லை, அதை மறைப்பதற்கும் இப்போது காரணம் இல்லை. எதிலும் முந்திக்கொண்டு பேசுகிறவள். சரியான முந்திரிக்கொட்டை. நிச்சயதார்த்தத்தன்று எனக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு, “அவுருக்கு மொகத்துல பரு வருதுல்ல அண்ணி, நான் ஒரு ஜெல் வாங்கிக் குடுத்துருக்கேன். இனிமே வராது பாருங்க” என்றாள். என் தம்பியின் முகத்தைப் பற்றி எனக்குச் சொல்கிறாள். நான் தலையாட்டினேன். அந்த முகத்தை எந்தப் பக்கம் துடைத்தால் அழுகை நிற்கும் என்று அவளுக்குத் தெரியுமா என்று மட்டும் நினைத்துக்கொண்டேன்.

வைகாசியில் ஸ்ரீமுஷ்ணத்தில் கல்யாணம் என்று முடிவாயிற்று. அக்கினி நட்சத்திரம் முடியாத வெயில். ஊரில் அங்கங்கே நிஜமாகவே அம்மை போட்டிருந்தது. பந்தக்கால் நடுவதற்கு முன்பு சிலம்பு போன் செய்தான்.

“அக்கா, அந்த ஜெல்லு எரியுதுக்கா. ஒன் எண்ணெயே செஞ்சு வையி. கல்யாணத்தன்னைக்கு மொகம் வழவழன்னு இருக்கணும்.”

எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. அன்று முழுவதும் வேலை செய்தபடியே எனக்குள் பாடிக்கொண்டிருந்தேன். வெட்பாலை பறித்தேன். எண்ணெயை வெயிலில் வைத்தேன். நிறம் ஏறியதும் வடிகட்டினேன். தோப்பிலிருந்து பச்சைக் கொட்டை வந்திருந்தது. ஓட்டிலிருந்து அந்த எண்ணெயை எப்படி எடுப்பது என்று முந்திரிக்காட்டுப் பெண்ணுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கருநீலத்தில் அது கலந்தால் நிறம் தெரியாது.

கல்யாணத்துக்கு லீவு போட்டு வந்தவன், எங்கள் தெருமுனைக் கடையில் சவரம் செய்துகொண்டு வந்தான். கடைக்காரரிடம் நான் முன்பே சொல்லியிருந்தேன், துண்டு வைத்து, முடி போகிற பக்கமாகவே இழுக்க வேண்டும் என்று. அந்த மனிதர்மேல் எந்தக் குற்றமும் இல்லை, தயவுசெய்து அவரை விட்டுவிடுங்கள். அவ்வளவு சுத்தமான சவரத்தை நான் பார்த்ததில்லை. கூடத்தில் உட்கார வைத்து நானே பூசிவிட்டேன். சின்னப்பிள்ளை மாதிரி முகத்தை நீட்டிக் கண்ணை மூடிக்கொண்டான். லேசாக எரிகிறது என்றான். புது சவரம், அப்படித்தான் இருக்கும் என்றேன்.

மறுநாள் விடிந்தபோது தாடை சிவந்திருந்தது. மத்தியானத்துக்குள் முத்து கட்டிவிட்டது. உறவுக்காரர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள். சவரத்தால் வந்தது என்றார் ஒருவர். சூட்டுக்கொப்புளம் என்றார் இன்னொருவர். டாக்டரிடம் காட்டலாம் என்று என் வீட்டுக்காரர் வண்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டார். நான் செய்தது மிகச் சின்ன வேலை. உள்ளேயிருந்து ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரும் வேப்பிலைக்கொத்தும் எடுத்துவந்து அவன் காலடியில் வைத்தேன். “அம்மா வந்துருக்கா” என்றேன்.

அதற்குப் பிறகு நான் எதுவுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. எங்கள் ஊரில் அந்தச் சொல்லை யாராவது சொல்லிவிட்டால், இல்லை என்று சொல்ல யாருக்கும் வாய் வராது. இல்லை என்று சொல்லி, அவள் கோபித்துக்கொண்டால் யார் பொறுப்பு? சாவி ஆணிக்குத் திரும்பிப் போயிற்று. டாக்டரைப் பற்றிப் பேசியவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். குழந்தை வைத்திருப்பவர்கள் அன்றே கிளம்பிவிட்டார்கள். கல்யாணம் தள்ளிப்போயிற்று. இளமதி சிதம்பரத்தில் பரீட்சைக்காக ஹாஸ்டலில் இருந்தாள். உனக்கு இன்னும் அம்மை போட்டதில்லை, இந்தப் பக்கமே வராதே என்று போனில் சொல்லிவிட்டேன். வீட்டுக்காரரைத் தோப்புக்குப் போய் இருக்கச் சொன்னேன், தினம் வந்து வாசலோடு எட்டிப் பார்த்துவிட்டுப் போனால் போதும் என்றேன். மாமியார் காலமாகி வருஷங்களாகிவிட்டன. வீட்டில் நானும் சிலம்பும் மட்டும் இருந்தோம். பழைய நாட்கள் மாதிரி இருந்தது. இளநீர் ஊற்றினேன், வேப்பிலையால் விசிறினேன். தானாடாவிட்டாலும் தன் சதை ஆடும் என்பார்கள். அவன் முனகும்போதெல்லாம் நானும் எழுந்து உட்கார்ந்துகொண்டது உண்மை.

என் கணக்கில் அது அங்கேயே முடிந்திருக்க வேண்டும். முகத்தில் வடு விழும். கடலூர்ப் பெண் வந்து பார்ப்பாள், பின்வாங்குவாள். வடு விழுந்த முகத்தோடு அவன் என்னிடமே இருப்பான், கொஞ்ச நாளில் இளமதியின் அருமை தெரியும். நான் நினைத்தது அவ்வளவுதான்.

இசைவாணி வீடியோ காலில் கூப்பிட்டாள். சிலம்பு எடுத்துவிட்டான். அவள் அழவில்லை. போனைக் கிட்டே கொண்டுபோகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டுப் பேசினாள்.

“அண்ணி, சவரம் பண்ண எடத்துல மட்டும்தான் இருக்கு. நெத்தியில ஒண்ணுகூட இல்ல, மார்ல இல்ல. கோடு போட்டாப்புல தாடியோட நிக்குது. தாடி எங்க இருந்துச்சுன்னு அம்மைக்கு எப்படி அண்ணி தெரியும்?”

அம்மா இருக்கிற இடத்தில் போன் வெளிச்சம் ஆகாது என்று சொல்லி வாங்கி அணைத்து, அரிசிப் பானைக்குள் வைத்துவிட்டேன்.

அடுத்த நாளே பஸ் ஏறி வந்துவிட்டாள். முந்திரிக்கொட்டை என்று சும்மாவா சொன்னேன். கையில் ஒரு பை நிறைய இளநீர். வேப்பிலை கட்டிய வாசலைத் தாண்டக்கூடாது என்றேன், தாண்டவில்லை. வெயிலில் படலைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“மொகம் எப்படி ஆனாலும் பரவால்ல அண்ணி. மொகத்தப் பாத்து நான் சரின்னு சொல்லல. எத்தன மாசம் ஆனாலும் காத்துருக்கேன். ஆனா ஒரு டாக்டர் பாக்கட்டும். நீங்க ஒரு வார்த்த சொன்னா மாமா கேப்பாரு.”

அவள் சொன்னது என் வீட்டுக்காரரை. எல்லோரும் என் ஒரு வார்த்தைக்காகத்தான் காத்திருந்தார்கள் என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. “அம்மா எறங்கட்டும்மா, பாத்துக்கலாம்” என்று சொல்லி இளநீரை வாங்கிக்கொண்டேன். அவள் தெருமுனை வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

அவள் போனதும் கொல்லையில் வேப்பிலை பறித்தேன். மஞ்சளோடு சேர்த்து அம்மியில் அரைத்தேன். எண்ணெய் இன்னும் மிச்சம் இருந்தது. எதையும் வீணாக்குவது எனக்குப் பழக்கமில்லை. தாடியோடு நிற்கிறது என்றல்லவா அவள் சொன்னாள். அதனால் இந்தத் தடவை நெற்றிக்கும் பூசினேன், கழுத்துக்கும் மார்புக்கும் பூசினேன், கண்ணைச் சுற்றியும் விடவில்லை. ஏற்கெனவே உடைந்திருந்த முத்துகளின் மேலும் அதே அரைப்புதான். தாடிக்கோடு என்று இனி யாரும் பேச முடியாது. அவன் துள்ளினான். நான் கைகளைப் பிடித்துக்கொண்டேன். உடம்பில் பலமில்லை, பிடிப்பது சிரமமாக இருக்கவில்லை.

சற்று அடங்கிய பிறகு அவன் பேசினான்.

“அக்கா, ஞாபகம் இருக்கா, முந்திரி அம்மா? அதே எரிச்சலா இருக்குதுக்கா.”

“அம்மா வந்த ஒடம்போட கண்டதையும் பேசாதடா” என்றேன்.

அவனுக்கு அப்போது ஒரு கண்தான் திறந்தது. அந்தக் கண்ணால் என் கையைப் பார்த்தான். என் விரல் நுனிகளில் தோல் உரிந்து கறுத்திருந்தது. விளக்கெண்ணெய் தடவிக்கொண்டுதான் செய்தேன், இருந்தாலும் பட்டுவிடுகிறது. வெகுநேரம் பார்த்தான். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அதற்குப் பிறகு டாக்டரைப் பற்றி அவன் ஒருமுறைகூடக் கேட்கவில்லை. புரிந்துகொண்டான் என்று நான் நினைத்தேன். அவனுக்காகத்தான் எல்லாம் என்று புரிந்துகொண்ட பிறகு அவனுக்கு என்மேல் வருத்தம் இருந்திருக்காது.

காய்ச்சல் ஏறியது. முகம் முகமாகவே இல்லை. சீழ் வைத்து வாடை வந்தது, நான் சாம்பிராணி போட்டேன். என் வீட்டுக்காரர் வாசலில் நின்று, “புள்ள பேச்சே சரியில்லையே புஷ்பா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிகினு போயிடலாமா” என்றார். தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் வெளியே கொண்டுபோனால் குடும்பத்துக்கே ஆகாது என்றேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தோப்புக்குத் திரும்பினார். என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசத் தெரிந்த ஆளாக இருந்திருந்தால் சிலம்பு இன்றைக்கு உயிரோடு இருந்திருப்பான். அவரையும் நீங்கள் விசாரிக்க வேண்டும் என்பது என் எண்ணம்.

இளமதிதான் கடைசியில் வந்தாள். அம்மை போடாத பெண், வராதே என்று சொல்லியும் வந்தாள். பக்கத்தில் இசைவாணி. பின்னால் 108 வண்டி. வாசல் வேப்பிலையை என் மகள் ஒரே இழுப்பில் பிய்த்து எறிந்துவிட்டு உள்ளே நுழைந்தாள். கடலூர் ஆஸ்பத்திரியில், விஷம் ரத்தத்தில் கலந்துவிட்டது என்றார்கள். முகத்தில் என்ன போட்டீர்கள் என்று ஒரு டாக்டர் கேட்டார். வேப்பிலை என்றேன், அது உண்மைதான். மறுநாள் வெயில் ஏறுவதற்குள் சிலம்பு போய்விட்டான்.

சாமி மாடத்தில் குங்குமச்சிமிழுக்குப் பின்னால் இருந்த சீசாவை எடுத்து உங்களிடம் கொடுத்தது யார் என்று எனக்குத் தெரியும். நான் பெற்றவளுக்குத்தான் என் வீட்டில் எது எங்கே இருக்கும் என்று தெரியும். நேற்று இந்த ஸ்டேஷனிலேயே, உங்கள் முன்னாலேயே என்னைக் கேட்டாள்: “மாமாவக் கட்டிக்கிறேன்னு நான் எப்பம்மா சொன்னேன்?” இசைவாணிக்கு முகூர்த்தப் புடவை எடுக்கக் கூடப்போனவள் அவள்தானாம். அந்த மாம்பழ நிறம் அவள் தேர்ந்தெடுத்ததாம். எனக்கு யாரும் சொல்லவில்லை. சின்னப்பெண், தனக்கு என்ன வேண்டும் என்று அவளுக்கே தெரியாது. இப்போது கோபத்தில் இருக்கிறாள். கோபம் தணிந்ததும் யாருக்காகச் செய்தேன் என்று நினைத்துப் பார்ப்பாள்.

நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எண்ணெயைக் கலந்தது நான். பூசியது நான், இரண்டு தடவையும். அவனுக்கு அது ஆகாது என்று தெரிந்துதான் பூசினேன். டாக்டரிடம் போகவிடாமல் தடுத்ததும் நான்தான். எல்லாவற்றிலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்றை மட்டும் மாற்றி எழுதுங்கள். ‘அம்மா வந்திருப்பதாகப் பொய் சொல்லி’ என்று வாசித்தீர்கள். வீட்டில் இருந்த கடைசி இரண்டு நாளும் அவன் வாயில் அந்த ஒரு சொல்தான் இருந்தது. அம்மா, அம்மா என்று முனகிக்கொண்டே கிடந்தான். மாரியம்மாவைக் கூப்பிடுகிறான் என்று என் வீட்டுக்காரர் வாசலில் விழுந்து கும்பிட்டார். நான் அவன் தலைமாட்டில் உட்கார்ந்து, “இங்கதான்டா இருக்கேன்” என்று ஒவ்வொரு தடவையும் பதில் சொன்னேன். பெற்றவளை அவனுக்கு நினைவுகூட இல்லை. அந்த வீட்டில் அவனுக்கு அம்மா என்று வேறு யார் இருந்தார்கள்? நான் சொன்னது பொய்யில்லை.